லூர்தம்மாள் கேட்ட மூன்று வரிகள்

கல்லறைக் கல்லுக்கு வாசகம் எழுதும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் வந்து தப்புச் சொல்ல மாட்டார்.

மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருடம் சுற்றறிக்கை எழுதிவிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்தவள் நான். நத்தம் ரோட்டில் என் தம்பி அருளுக்குக் கிரானைட் பட்டறை இருக்கிறது. கல் அவன் பொறுப்பு, எழுத்து என் பொறுப்பு. எட்டாவது வரை தமிழிலும் அப்புறம் கான்வென்டில் ஆங்கிலத்திலும் படித்ததால், "பேரன் ஃபாரின்ல இருக்கான், இங்கிலீஷ்லயும் ரெண்டு வரி போட்டிருங்க" என்று கேட்டு வருகிறவர்களையும் நானே கவனித்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, ஸ்டிக்கரில் வெட்டி, கல்லின் மேல் ஒட்டி, மணலைப் பீய்ச்சியடித்தால் எழுத்து குழிந்துவிடும். அதற்கு முன்னால் வாசகத்தைத் தாளில் எடுத்து, ஆர்டர் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் அருள் கல்லைத் தொட மாட்டான்.

எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள் அரசியல்வாதிகள்தான். டாக்டருக்கு ஒரு வரி போதும், வாத்தியாருக்கு ஒரு வரி போதும். கவுன்சிலருக்கு ஏழு வரி வேண்டும். இந்தப் பக்கத்தில் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும், எந்தத் தென்னந்தோப்புச் சமாதிக்குப் போனாலும், அங்கே ஒரு தலைவர் படுத்திருப்பார். அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள், ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்கிறவர்கள், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், அடுத்தவருக்காக ஒரு வரி எழுதிவிட்டு அதை நினைத்து வருந்தியவர்கள் எல்லோரும் என் சங்கடத்தைப் புரிந்துகொள்வீர்கள். லூர்தம்மாள் என்கிற ஊராட்சி மன்றத் தலைவர் தன் கல்லில் மூன்று வரி கேட்டார். போடுகிறேன் என்று சொன்னேன். அது என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்ற கல்லறைகளும் நடுநடுவே வரும். அவற்றை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

பெயருக்கு இடமில்லை

டவுனில் ஒரு முன்னாள் கவுன்சிலர். அவருடைய மகன் வாசகத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதி எடுத்து வந்தான். முன்னாள் நகர்மன்ற உறுப்பினர், வட்டச் செயலாளர், ஆட்டோ ஸ்டாண்ட் கௌரவத் தலைவர், திருவிழாக் கமிட்டிப் பொருளாளர், பெற்றோர் ஆசிரியர் கழகத் துணைத் தலைவர், கபடிக் குழுப் புரவலர். கல் மூன்றடிதான். எழுத்தைக் குறுக்கி, வரிகளை நெருக்கி, ஓரத்துப் பூவேலையையும் எடுத்துப் பார்த்தேன். கடைசியில், "தம்பி, எல்லாம் வந்துருச்சு. அப்பா பேருக்குத்தான் இடம் இல்லை" என்றேன்.

அவன் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். ஒரு பதவியையாவது எடுப்பான் என்று நினைத்தேன். பிறந்த தேதியை எடுத்தான். அப்போதும் இடம் போதவில்லை. பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான்: "பேரைப் பொடிசாப் போட்டுக்கங்கக்கா. அப்பா யாருன்னு எங்களுக்குத் தெரியும். என்னவா இருந்தாருன்னுதான ஊருக்குத் தெரியணும்!"

சூசைமாணிக்கத்தின் கல்

நத்தம் போகிற வழியில், புளியந்தோப்புகளுக்கு நடுவில் ஓர் ஊர். அங்கே சூசைமாணிக்கம் என்பவர் இறந்து ஓராண்டு நினைவுத் திருப்பலி வரப்போகிறது என்று அவருடைய மகன் பீட்டர் கல் சொல்ல வந்தான். மாங்காய் லோடு அடிக்கிற வண்டி வைத்திருக்கிறவன். கூடவே அவனுடைய அம்மா லூர்தம்மாள். வெயிலில் வந்த களைப்பில் அவர் மெருகேற்றாத ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பீட்டர் வாசகம் சொன்னான், நான் தட்டச்சு செய்தேன். "முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்" என்றான். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று கேட்டேன். ஐந்து வருடக் கணக்கைச் சொன்னான்.

"அது பொம்பளைகளுக்கு ஒதுக்குன தடவைடா. நின்னது நான், செயிச்சது நான்" என்றார் லூர்தம்மாள். சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. மறந்துபோன கணக்கை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னார். பீட்டர் சிரித்தான். "சீட்டு அம்மா பேர்லக்கா. ஆனா ஊர்ல யாரைக் கேட்டாலும் அப்பாவைத்தான் தலைவரும்பாக. யூனியன் ஆபீஸ்லயே அப்பாவுக்குத்தான் நாற்காலி போடுவாக."

அந்த இடத்தில் நான் கீபோர்டிலிருந்து விரலை எடுத்திருக்க வேண்டும். ஆள் இருக்கும்போதே அவருடைய பதவியை இன்னொருவர் கல்லில் போட முடியாது தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான்கு ஆர்டர் நிலுவையில் இருந்தது. வாசகத்தைத் தாளில் எடுத்து நீட்டினேன், பீட்டர் கையெழுத்துப் போட்டான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அந்த அம்மாவே என்னைத் தேற்றினார்: "போட்டுவிடுங்கம்மா, அந்த மனுசனுக்கு அதுல அம்புட்டு ஆசை. எனக்கு வரும்போது எனக்குப் போட்டுக்கிறலாம்."

எந்தக் கலர்

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பெரியவருக்குத் தோட்டத்துக்குள்ளேயே சமாதி. ஒரு காலத்தில் ஒன்றியத் தலைவராக இருந்தவர். சமாதியைச் சுற்றிக் கட்சிக் கலரில் பட்டை அடிக்க வேண்டும், கல்லின் தலைப்பிலும் அதே கலர் வர வேண்டும் என்று மகன்கள் ஆர்டர் சொல்லிவிட்டார்கள். கலர் கலக்கப் போகும்போதுதான் எந்தக் கட்சி என்று கேட்டேன். மகன்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மூன்று கட்சியில் இருந்தவர். பதவியில் இருந்தது ஒன்றில், அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது இன்னொன்றில், சாகும்போது உறுப்பினர் அட்டை வேறொன்றில்.

பெரியவன் ஒரு கலரைச் சொன்னான், சின்னவன் இன்னொன்றைச் சொன்னான். பேச்சு தடித்து, அவர்களுடைய வரப்புத் தகராறு வரைக்கும் போய்விட்டது. அதுவரை தென்னைமரத்தடியில் நின்ற மருமகன் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்: "ஏனுங்க, கலரே வேண்டாமுங்க. கருப்புக் கல்லு கருப்பாவே இருக்கட்டுமுங்க. நாளைக்கு எவன் செயிச்சாலும் வந்து மாலை போடோணுமில்லீங்க."

நோட்டுத் தாள்

அடுத்த வருடம் லூர்தம்மாள் தனியாக வந்தார். கண் பரிசோதனைக்காக டவுனுக்கு வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பட்டறைக்குள் நுழைந்தார். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நான்காக மடித்த நோட்டுத் தாளை எடுத்து என் மேஜையில் வைத்து நீவிவிட்டார். அவருடைய கையெழுத்தில் மூன்று வரி. முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் "ஊராட்சி மன்றத் தலைவர்", பக்கத்தில் அந்த ஐந்து வருடம். மூன்றாவது வரி: "கம்மாக்கரைத் தெருவுக்கு தண்ணி கொண்டாந்தவர்."

அந்த மூன்றாவது வரியைப் பற்றிக் கேட்டேன். கிராம சபை என்றால் சூசைமாணிக்கம் நாற்காலியில் இருப்பாராம், இவர் பெண்களோடு ஜமுக்காளத்தில். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட மட்டும் இவரைக் கூப்பிடுவார்களாம். ஒரு கோடையில் சூசைமாணிக்கத்துக்குக் காய்ச்சல். அந்த வாரம்தான் எந்தத் தெருவுக்குக் குழாய் என்று யூனியன் ஆபீஸில் முடிவு பண்ணுகிறார்கள். கண்மாய்க்கரைத் தெருப் பெண்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு இவரே போய்விட்டார். "இன்ஜினியரு, தலைவர் வரலையான்னு கேட்டாரும்மா. நான்தேன் தலைவருன்னேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அந்தாளு சிரிக்கல. பொழுது சாயிற வரைக்கும் அந்த ரூம்லயே உக்காந்துட்டோம். எழுதிக் குடுத்தப்புறந்தேன் எந்திரிச்சோம். அந்த ஒரு நா நான் தலைவரா இருந்தேம்மா. அதையாச்சும் எழுதுங்க."

அவர் முன்னாலேயே கம்ப்யூட்டரில் அந்த மூன்று வரியையும் அமைத்தேன். 'தண்ணி' என்பதைக் 'குடிநீர்' என்று மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "குடிநீருன்னா எங்க தெருவுக்குப் புரியாது, தண்ணின்னே இருக்கட்டும்" என்றுவிட்டார். அவர் பெயரிலேயே ஃபைலைச் சேமித்தேன். முறைப்படி அடுத்ததாக அதைத் தாளில் எடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் அவருடைய கல்லறைக் கல்லுக்குக் கையெழுத்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "நீங்க நூறு வருசம் இருப்பீங்க, இப்ப என்ன அவசரம்" என்று மழுப்பினேன். இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு அந்த மரியாதைதான். லூர்தம்மாள் ஆச்சரியமாகப் பார்த்தார்: "கையெழுத்து வேணாமாம்மா? எல்லாரும் எங்கிட்ட அதை மட்டுந்தான கேப்பாக!"

சின்னம்

நிலக்கோட்டையில் ஒரு பூ வியாபாரி. உள்ளாட்சித் தேர்தல் வந்தால் சுயேச்சையாக நின்றுவிடுவார். எந்தப் பதவிக்கு என்று கணக்கில்லை. வார்டு உறுப்பினருக்கு நிற்பார், தலைவருக்கு நிற்பார், ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அவருடைய மகள் கல் சொல்ல வந்தபோது, பதவி என்று எதுவும் இல்லையே, வெறும் பெயர் மட்டும் போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், "வேட்பாளர்னு போடுங்க. அது பொய் இல்லையே" என்றாள்.

அது பொய்யே இல்லை. நான் குழித்த எழுத்துகளில் அவ்வளவு சுத்தமான உண்மை வேறு எதுவும் இருந்திருக்காது. அந்த வெட்கத்தில், "சின்னமும் போடலாமா?" என்று நானாகக் கேட்டேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருக்கு வேறு வேறு சின்னம் கிடைத்திருக்கிறது. எதைப் போடுவது என்று யோசித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்: "எதை வேணாலும் போடுங்கக்கா, சீப்பை மட்டும் போட்டுறாதீங்க. கடைசித் தடவை அதைத்தான் குடுத்தாக. எங்கப்பா தலையில ஒரு முடி கிடையாது, ஊரே சிரிச்சது."

ஒரே ஐந்து வருடம்

லூர்தம்மாள் போன சித்திரையில் இறந்துபோனார். ஐப்பசியில் பீட்டர் வந்தான். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும். அந்த மாதம் பட்டறையில் நிற்க இடமிருக்காது, எல்லாருக்கும் நவம்பர் இரண்டுக்குள் கல் வேண்டும். பீட்டர் வாசகத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். "தெய்வத்திரு சூசைமாணிக்கம், முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர், அவர்களின் மனைவி லூர்தம்மாள்" என்று இருந்தது. கீழே பிறப்பு, இறப்பு, இறைவனில் இளைப்பாறட்டும்.

நான் ஃபைலைத் திறந்து அம்மா கேட்ட மூன்று வரிகளைக் காட்டினேன். பீட்டர் குனிந்து திரையில் வரி வரியாகப் படித்தான். அவனுக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு, "அம்மா கையெழுத்துப் போட்டிருக்காகளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்பா கல்லுல அதே வருசம் இருக்குக்கா. நீங்கதான் போட்டீக. ரெண்டு கல்லும் பக்கத்துல பக்கத்துல. ஒரே ஊருக்கு ஒரே அஞ்சு வருசத்துல ரெண்டு தலைவரா? பாக்குறவன் என்ன கேப்பான்?"

அம்மாவின் வரியை அடைத்துக்கொண்டு நின்ற கல் நான் எழுதியது. அப்பா கல்லை என் செலவில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அவன் விஷயத்தைச் சொன்னான். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு அவன் நிற்கப்போகிறான். தலைவர் மகன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்க வேண்டும். "அம்மாதானே தலைவர், அப்பவும் நீ தலைவர் மகன்தானே" என்றேன். அவன் வாட்ஸப்பில் அனுப்பிய வாசகத்தையே திரும்ப எடுத்துக் காட்டினான். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். அருள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, முடிஞ்சுதா?" என்றான்.

இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். இந்தக் கல்லை நான் எழுத மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். யூனியன் ஆபீஸில் பொழுது சாயும் வரை உட்கார்ந்த ஒருவருக்காக, நாற்காலியில் இருந்த நான் பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. தாளை எடுத்து நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது, என் மனம் ஆறட்டும் என்றோ தன் மனம் ஆறட்டும் என்றோ பீட்டர் சொன்னான்: "தேர்தல் முடியட்டும்க்கா, பாத்துக்கலாம்."

நவம்பர் இரண்டு

கல்லறைத் திருநாள் அன்று அந்த ஊருக்குப் போனேன். ஆர்டர் கொடுத்தவர்கள் ஊருக்கெல்லாம் நான் போகிற வழக்கமில்லை. கல்லறைத் தோட்டம் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. மல்லிகையும் மெழுகும் சேர்ந்த வாசனை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். சூசைமாணிக்கமும் லூர்தம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பீட்டர் வீட்டார் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஏற்கெனவே போயிருந்தார்கள். இரண்டு கல்லிலும் என் எழுத்து அழகாகத்தான் இருந்தது.

நெற்றியில் திருநீறு பூசிய ஒரு வயதான அம்மா, இலையில் கட்டிய பூவோடு வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தார். கண்மாய்க்கரைத் தெருவாம். "ஏம்மா, தலைவரு கல்லு எதும்மா? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். கல்லின்படி பார்த்தால் நான் இடது பக்கம் காட்ட வேண்டும். "எந்தத் தலைவரைக் கேக்கிறீங்க?" என்றேன். "எந்தத் தலைவரா? நம்ம லூர்தம்மாதேன்!" வலது பக்கம் காட்டினேன். அவர் குனிந்து பூவை வைத்தார், கல்லில் குழிந்திருந்த எழுத்துகளை விரலால் தடவினார். அவர் விரல் நின்ற இடத்தில் "அவர்களின் மனைவி" என்று இருந்தது.

"என்ன எழுதியிருக்கு? செத்த வாசியேன், கேப்போம்" என்றார்.

நான் லூர்தம்மாள் என்று வாசித்தேன். ஊராட்சி மன்றத் தலைவர் என்று வாசித்தேன், ஐந்து வருடத்தையும் வாசித்தேன். கம்மாக்கரைத் தெருவுக்கு தண்ணி கொண்டாந்தவர் என்று கடைசி வரியையும் வாசித்தேன். அந்த அம்மா தலையை ஆட்டியபடி கேட்டுவிட்டு, முந்தானையால் கல்லை ஒரு தடவை துடைத்தார்: "சரியாத்தேன் எழுதியிருக்காக. எழுதுன மகராசி நல்லாருக்கணும்."

இந்தச் சுற்றுவட்டாரத்துத் தலைவர்களுக்கெல்லாம் கல்லில் எழுதிக் கொடுத்த நான், உண்மையாகவே தலைவராக இருந்த ஒருவருக்கு மட்டும் கல்லில் இல்லாததை வாயால் வாசித்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.